சுரங்கமும் அடுப்படியும்: லொறெற்றா லின் பாடல்கள் குறித்து ஒரு நோக்கு

அமெரிக்காவில் ‘கன்ட்றி’ என வழங்கும் இசையை ‘நாட்டார் இசை’ எனத் தமிழில் பெயர்த்துவிடுவது எளிது. ஆயின் அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. நாட்டார் பாடலுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் இல்லை. பாடுவோரும் கேட்போரும் ஒரே தொழிற்களத்தில் நிற்பவர்கள். கன்ட்றி இசையோ, தென்மாநிலங்களின் கிராமியப் பாடல் மரபை இசைத்தட்டுக் கம்பனிகளும் வானொலி நிலையங்களும் 1920களில் விற்பனைப் பண்டமாக்கிய வேளையில் உருப்பெற்றது. இசைத்தட்டின் மூன்று நிமிட எல்லை, பதிப்புரிமை, விற்பனைப் பட்டியல் ஆகியவை அதன் வடிவத்தோடு பிறந்தவை. உழைக்கும் மக்களின் குரல் இத்தகைய சந்தையூடாக வெளிவருகையில் அதற்கு யாது நேர்கிறது? இவ்வினாவை எழுப்புவதற்கு லொறெற்றா லின்னிலும் பொருத்தமான பாடகர் ஒருவரைக் காண்பது அரிது.

கென்டக்கி மாநிலத்தின் மலைப்பாங்கான கிழக்குப் பகுதியில், புட்சர் ஹொலோ என்னும் சிற்றூரில் 1932 ஏப்ரல் 14 ஆம் திகதி பிறந்தார் லின். தந்தை அயலிலுள்ள வான் லியர் சுரங்கத்தில் நிலக்கரி அள்ளியவர். 1948 இல் மணமாகி, நாட்டின் வடமேற்குக் கோடியிலுள்ள வாஷிங்ரன் மாநிலத்திற் குடியேறிய அவர், இருபதுகளின் தொடக்கத்திலேயே நான்கு பிள்ளைகளின் தாயாகிவிட்டார். கணவர் 17 டொலருக்கு வாங்கிக்கொடுத்த கிற்றாரை எவரிடமும் பயிலாமல் தாமே மீட்டப் பழகினார். 1960 இல் முதலாவது இசைத்தட்டு வெளிவந்தபோது கணவனும் மனைவியுமாகக் காரில் ஊர் ஊராகச் சென்று வானொலி நிலையங்களில் அதனைக் கொடுத்துவந்தனர். 1962 இல் நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஒப்றி’ வானொலி அரங்கில் உறுப்புரிமை கிடைத்தது. 1972 இல் கன்ட்றி இசைச் சங்கத்தின் அவ்வாண்டுக்குரிய தலைசிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதற் பெண் அவரே.

பாடல்களை வாழ்க்கைக் குறிப்பாகவே வாசிக்கும் வழக்கம் லின்னைப் பற்றி எழுதுவோரிடையே மிகுதி. 1976 இல் வெளிவந்த தன்வரலாறு அவரைப் பதின்மூன்று வயது மணமகளாகக் காட்டிற்று. 2012 இல் வெளிப்பட்ட பிறப்புப் பதிவின்படி மணநாளில் அவருக்கு வயது பதினைந்து. இரண்டு வயது வேறுபாட்டைப் பெரிதுபடுத்துவதற்கில்லை. எனினும் சந்தை விரும்பிய ஒரு வாழ்க்கைக் கதையும் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்கதையின் நடுநாயகமாக விளங்குவது, அவர் தாமே எழுதி 1970 இல் வெளியிட்ட ‘நிலக்கரித் தொழிலாளியின் மகள்’ என்னும் பாடல். குன்றின்மேல் ஒரு மரவீடு, வெறுங்காலோடு திரியும் கோடைகாலம், பன்றியை விற்ற காசில் தபால்மூலம் வருவிக்கப்படும் சப்பாத்து என நுண்ணிய விவரங்களால் அது கட்டப்பட்டுள்ளது. தந்தை சுரங்கத்தில் உழைத்தார் என்பதைச் சில சொற்களிற் சொல்லிக் கடந்துவிடும் பாடல், சலவைப் பலகையில் துணி தேய்த்துக் குருதி கசியும் தாயின் விரல்களில் தரித்து நிற்கிறது. சுரங்கத்தின் பெயரால் புகழ்பெற்ற அப்பாடல் சுரங்கத்தினுள் நுழையவேயில்லை. ஆதியில் இருந்த கண்ணிகள் சிலவற்றைத் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி நீளம் கருதி நீக்கச் செய்தார் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டும்.

பாடல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட 1969 ஆம் ஆண்டு, அமெரிக்க நிலக்கரித் தொழிலில் சாதாரணமானதோர் ஆண்டன்று. 1968 நவம்பரில் மேற்கு வேர்ஜினியாவின் பாமிங்ரன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டனர். அச்சுரங்கம், வான் லியர் நகரை ஒருகாலத்தில் அமைத்து நடத்திய அதே கொன்சலிடேசன் நிலக்கரிக் கம்பனிக்குரியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், கரித்தூசு நுரையீரலைத் தின்னும் நோய்க்கு இழப்பீடு கோரி அம்மாநிலத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; ஆண்டிறுதியில் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. லின்னின் தந்தையும் அந்நோயால் வருந்தியவர். 1959 இல் காலமானார். எனினும் பாடலில் நோயும் இல்லை, கம்பனியும் இல்லை. அதே கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் பகுதியில் 1931 இல் நடந்த போராட்டத்தின்போது தொழிலாளியின் மனைவியான புளொறென்ஸ் றீஸ், நீ எந்தப் பக்கம் என்று நேருக்கு நேர் வினவும் பாடலை எழுதினார். அதற்கு நாஷ்வில் சந்தையில் இடமிருக்கவில்லை. வறுமையை ஏற்றுக்கொண்டு அதிற் பெருமிதம் கொள்ளும் பாடலுக்கு இடமிருந்தது. முதலாளியைக் காணாத இப்பார்வையை மறைத்துவிட்டு லின்னை உழைக்கும் வர்க்கத்தின் பாடகர் என்று கொண்டாடுவது விமர்சனமாகாது.

ஆயினும் அவரைக் குறைத்து மதிப்பிடுவதற்கும் இது போதிய காரணமன்று. சுரங்கத்தை அவர் கண்டதெல்லாம் வீட்டு வாசலிலிருந்து. தாம் உழைத்த களமோ வீடு. அக்களத்தைப் பாடும்போது கடந்தகாலத்தின் மென்மை மறைந்து நிகழ்காலத்தின் கூர்மை வந்துவிடுகிறது. குடித்துவிட்டு இச்சை தேடி வீடு திரும்பும் கணவனைத் தடுத்து நிறுத்தும் பாடல் 1967 இல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எய்தியது. சகோதரி பெகி சூவுடன் சேர்ந்து எழுதியது அது. அதுவரை கன்ட்றி இசையிற் பெண் பெரும்பாலும் அழுதாள் அல்லது பொறுத்தாள். லின்னின் பெண் நிபந்தனை விதிக்கிறாள்.

இவ்வரிசையில் அதிகம் சர்ச்சைக்குள்ளானது ‘மாத்திரை’. கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் 1960 இல் அங்கீகாரம் பெற்றது. ஆண்டுதோறும் பிள்ளை பெற்றுக் களைத்த மனைவி, இனித் தன் உடல் தன் வசமென்று கணவனுக்கு அறிவிக்கும் இப்பாடல் 1972 இல் பதிவாகியும் கம்பனியால் 1975 வரை வெளியிடப்படாதிருந்தது. வெளிவந்தபின் பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அவ்வாறிருந்தும் கன்ட்றிப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை அடைந்தது. இதனை எழுதியவர்கள் வேறு மூவர். நகரத்தில் பெண்விடுதலை ஊர்வலம் நடக்கையில் ரொப்பீக்கா நகர் இல்லத்தரசி ஒருத்தி பிள்ளைகளின் கூச்சலுக்கிடையே அடுத்த பிரசவத்தை எதிர்நோக்கியிருப்பதைச் சொல்லும் 1971 ஆம் ஆண்டுப் பாடலோ ஷெல் சில்வர்ஸ்ரைன் என்னும் ஆண் எழுதியது. சொந்த அனுபவமே கலை என்று வாதிடுவோர்க்கு இது இடர்ப்பாடான செய்தி. இப்பாடல்களின் அதிகாரம் எழுத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. மூக்கொலி கலந்த, கென்டக்கி வழக்கைத் திருத்திக்கொள்ளாத அக்குரலில் தங்கியுள்ளது. நகரத்து இயக்கம் சென்றடையாத வீடுகளுக்குள் அக்குரல் வானொலிவழி நுழைந்தது. அவரோ அவ்வியக்கத்தோடு தம்மை இணைத்துக்கொண்டவரல்லர். 1988 இல் குடியரசுக் கட்சி வேட்பாளருக்காகப் பிரசாரமும் செய்தார்.

பிறர் பாடல்களை அவர் மிகுதியாகப் பாட நேர்ந்ததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. தொடக்கத்தில் ஆதரித்த வில்பேர்ன் சகோதரர்களை விட்டு 1970களின் முற்பகுதியில் அவர் விலகினார். பாடல்களின் பதிப்புரிமையோ அவர்களது நிறுவனத்திடமே இருந்தது. பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. இனி எழுதினால் பயன் பிறருக்கே என்ற நிலையில் எழுத்து அருகியது. தந்தை அள்ளிய கரி தந்தைக்குரியதாய் இருக்கவில்லை. மகளின் பாடலும் அவ்வாறே ஆயிற்று. இந்த ஒற்றுமையைப் பற்றி அவர் ஒரு பாடலும் எழுதவில்லை என்பது வியப்புக்குரியது.

எழுத்து மீண்டது வெகுகாலத்தின் பின்னரே. 2004 இல், எழுபத்திரண்டாம் வயதில், இளம் றொக் கலைஞர் ஜக் வைற்றின் தயாரிப்பில் வெளிவந்த ‘வான் லியர் றோஸ்’ தொகுப்பின் பாடல்களை ஏறத்தாழ முழுவதும் அவரே எழுதினார். 2022 ஒக்டோபர் 4 ஆம் திகதி மறைந்த அவரின் படைப்புகளுள் பின்னாளைய இத்தொகுப்பு முன்னிறுத்தப்படவேண்டியது. தலைப்புப் பாடலில் வான் லியர் சுரங்கத் தொழிலாளர் முதன்முறையாகக் கூட்டமாக வருகின்றனர். ஊரின் அழகியான தாயைத் தந்தை விரும்பிய காலத்தை அது சொல்கிறது. அவள் உனக்குக் கிட்டமாட்டாள் என்று தோழர்கள் அவரைக் கேலிசெய்கின்றனர். அப்போதும் அவர்கள் நிற்பது சுரங்கத்துக்கு வெளியேதான்.