ஒற்றர் உரையும் உரைகல்லும்

வாளேந்திப் போரிட்ட வீரன் திரும்பி வந்து தன் கதையைச் சொன்னால், அருகில் நின்று போரிட்டவன் அதற்குச் சாட்சி பகர்வான். ஒற்றனாகச் சென்று மீண்டவனுக்கோ அத்தகைய சாட்சி இல்லை. தனித்துச் சென்றான், வேற்றுப் பெயரில் சென்றான், தன்னை மறைத்துப் பேசுவதே அவனுக்கு இடப்பட்ட பணி. அத்தகையவன் முதுமையில் வாய் திறந்து தன் மெய்க்கதையை உரைக்குங்கால், அதனை நாம் எவ்வாறு ஏற்பது? எவ்வாறு மறுப்பது? இரகசியப் படைப்பணி செய்தோரின் நினைவுரைகள் நூல்களாகவும் பேட்டிகளாகவும் பெருகியுள்ள இந்நாளில், இவ்வினா திறனாய்வாளரின் கவனத்துக்கு உரியது.

ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒருவன் கொணர்ந்த செய்தியைப் பிறிதொருவனைக் கொண்டு ஆராயச் சொன்னார். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துவரின் நம்பலாம் என்றார். திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயமோ, பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதை விலக்குகிறது. நம்பத்தகாதவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்கவும் பணிக்கிறது. இவ்விசாரணையை ஹதீஸ் கலை வல்லார் ஒரு தனிச் சாத்திரமாகவே வளர்த்தனர். அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதையும், செய்தியின் உள்ளடக்கமாகிய மத்னையும் தனித்தனியே எடை போட்ட அவர்தம் முறை, ஒற்றர் நினைவுரைகளுக்கும் ஏற்ற உரைகல் என்பது என் துணிபு.

இதற்கு முன்மாதிரியாக நிற்பது ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) அவர்களின் வரலாறு. யஸீத் இப்னு ஷரீக் சொல்லக் கேட்டு, அவர் மகன் இப்ராஹீம் அத்தைமீ அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் தாம் இருந்திருந்தால் வீறுடன் போரிட்டிருப்பதாக ஒருவர் பெருமை பேசினார். அவரைத் திருத்தவே ஹுதைஃபா (ரலி) தம் கதையைத் தொடங்கினார்கள். ஹிஜ்ரி 5இல், கி.பி. 627இல், அகழ்ப்போரின் கடுங்குளிரிரவு அது. பகைவர் பாசறைக்குச் சென்று செய்தி கொணர்வார் யார் என்று நபியவர்கள் மும்முறை வினவியும் ஒருவரும் எழவில்லை. பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பின்னரே, வேறு வழியின்றித் தாம் எழுந்ததாக ஹுதைஃபா (ரலி) உரைக்கிறார்கள். பாசறையில் அபூஸுஃப்யான் நெருப்பில் முதுகைக் காய்ச்சிக் கொண்டிருக்கக் கண்டதும், அம்பை வில்லில் பூட்டியதும், பகைவரைக் கிளறிவிட வேண்டாம் என்ற கட்டளை நினைவுக்கு வர எய்யாமல் திரும்பியதும் அக்கதையின் உச்சம். வீரச்செயல் ஒன்று நிகழாமற் போனதே அதன் பெருமை!

ஈண்டு இரண்டு நுட்பங்கள் நோக்கத்தக்கன. ஒன்று, சொல்வோர் தம் தயக்கத்தை மறைக்கவில்லை. மற்றொன்று, சொல்லத்தக்கதைச் சொன்ன அந்த நாவே சொல்லத்தகாததைக் காத்தது. நயவஞ்சகரின் பெயர்களை அறிந்திருந்தும் ஊரறிய வெளியிடாமையால் அவர்கள் ‘இரகசியத்தின் தோழர்’ எனப் பெயர் பெற்றார்கள். தமக்குப் பாதகமானதை மறைக்காமையும், அமானத்தைக் காத்தலும் நேர்மையான நினைவுரையின் இரு இலக்கணங்கள் எனலாம்.

இவ்விலக்கணங்கள் அமைந்தாலும் நினைவு பிழைபடக்கூடும் என்பதற்கு மேனாட்டுச் சான்று ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் மறைகுறிச் செய்திகளைப் பிரித்தறிந்த பிரிட்டிஷார், அவ்விரகசியத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்தனர். 1974இல் விமானப்படை அதிகாரி விண்டர்பாதம் அதனை நூலாக வெளியிட்டார். கோவென்ட்ரி நகரின் மீது 1940 நவம்பர் 14 அன்று குண்டு பொழியப்படும் என்பதைச் சர்ச்சில் முன்னரே அறிந்தும், இரகசியத்தைக் காக்க வேண்டி வாளாவிருந்தார் என்பது அந்நூலின் பரபரப்பான கூற்று. பின்னர் ஆவணங்கள் திறக்கப்பட்டபோது அக்கூற்று நிலைக்கவில்லை. ஆயினும் மறைகுறிகள் பிரித்தறியப்பட்டன என்ற மூலச்செய்தி முற்றிலும் மெய்யாயிற்று. ஒரு கிளை பட்டதால் மரம் பட்டதாகாது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1927இல் இரங்கூனில் பிறந்து 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்த சரஸ்வதி ராஜாமணி அம்மையார், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் உளவுப்பணி ஆற்றியதாகப் பல பேட்டிகளில் கூறியுள்ளார். சிறுவன் வேடம் பூண்டு, ‘மணி’ என்னும் பெயருடன், பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் ஏவல் வேலை செய்தவாறு செய்தி திரட்டியது ஒரு பகுதி. பிடிபட்ட தோழியை நாட்டியப் பெண் வேடத்தில் சென்று, காவலருக்கு மயக்கமருந்து கொடுத்து மீட்டதும், காலில் குண்டடி பட்டதும் மற்றொரு பகுதி. இவை ஒரே வாய்வழி வந்த செய்திகள். அத்தோழியின் வாய்மொழி தனியே நமக்குக் கிட்டவில்லை. ஏவற்சிறுவனை எவரும் கவனிப்பதில்லை என்பது உலகியல்பு. ஆதலின் முதற்பகுதியை மனம் எளிதில் ஏற்கிறது. இரண்டாம் பகுதியில் திரைப்படச் சாயல் தென்படுகிறது. அதனைப் பொய்யெனல் தகாது. வேறு சான்று கிட்டும்வரை தீர்ப்பை நிறுத்திவைத்தலே, அறபியில் ‘தவக்குஃப்’ எனப்படுவதே, முறை. குறை அம்மையாரிடத்தன்று. நான் கண்ட பேட்டிகளில் எந்த ஊர், எந்த மாதம், உடனிருந்தோர் யாவர் என்ற வினாக்கள் அரியனவாகவும், வியப்புரைகள் மலிந்தனவாகவும் உள்ளன.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் வக்கம் அப்துல் காதர். பினாங்கில் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, மலபார்க் கரையில் தானூரில் இறங்கிப் பிடிபட்டவர். சென்னையில் விசாரிக்கப்பட்டு, 1943 செப்டம்பர் 10 அன்று, ரமளான் மாத வெள்ளிக்கிழமையில், அனந்தன், சத்தியேந்திர வர்தன், ஃபவுஜா சிங் ஆகியோருடன் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அகவை இருபத்தாறு. முதுமையில் இருந்து கதை சொல்லும் வாய்ப்பு அவருக்கில்லை; தந்தைக்கு எழுதிய இறுதிக் கடிதமே எஞ்சியது. கைதட்டலை எதிர்பாராத எழுத்து அது. ஆதலின் நினைவுரைகளுள் அதற்குத் தனி மதிப்புண்டு. ஆனால் சிறையதிகாரிகளின் கண்ணுக்கு உட்பட்டே கைதியின் கடிதம் வெளிவரும் என்பதையும் மறத்தலாகாது. அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை இனி எவர் உரைப்பார்?

இவ்வளவும் எழுதும் இந்தக் கை, அதே உரைகல்லைத் தவறாகப் பிடித்ததும் உண்டு. 1988இல் நான் மதரஸா மாணவன். விடுமுறையில் அஸ்தம்பட்டிக்கு வரும்போதெல்லாம், மலேயாவிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் இஷாவுக்குப் பின் எங்களுக்குக் கதை சொல்வார். பர்மா எல்லையில் நேதாஜி படைக்குச் செய்தி சுமந்ததாகச் சொல்வார். ஒருநாள் பன்னிரண்டு நாள் நடந்ததாகச் சொன்னவர், மற்றொரு நாள் இருபது நாள் என்றார். உஸூலுல் ஹதீஸ் புதிதாகப் படித்த செருக்கில், பலர் முன்னிலையில், “பெரியத்தா, நீங்க சொல்றது ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு, இதை ஏத்துக்க முடியாது” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நாளை எண்ணுற நெலமையிலயா தம்பி இருந்தோம்?” என்று மட்டும் கேட்டார். அதன்பின் எங்களிடம் அவர் அக்கதையைச் சொன்னதேயில்லை. சில ஆண்டுகளில் மறைந்தும் போனார்.

பல்லாண்டுகள் கழித்து, மாணவர்களுக்கு ஹுதைஃபா (ரலி) அவர்களின் ஹதீஸைப் பாடம் நடத்துங்கால் எனக்கொன்று விளங்கிற்று. முதியவரின் கதையில் நாட்கணக்கு மாறியதே தவிர, ஒன்று மட்டும் மாறவேயில்லை. ரோந்துப்படை கடந்து சென்றபோது பள்ளத்தில் படுத்திருந்த தாம் அச்சத்தால் ஆடையை நனைத்துவிட்டதாக ஒவ்வொரு முறையும் சொல்வார். தன்னை உயர்த்திக் காட்ட விழைபவன் அதனைப் புனைவானா? நான் எண்ணைப் பிடித்துக்கொண்டு மனிதரைக் கைவிட்டேன்.

ஹதீஸ் கலை எனக்குக் கற்பித்தது அதுவன்று. அதாஃ இப்னுஸ் ஸாயிபுக்கு முதுமையில் நினைவு குழம்பியபோது, இமாம்கள் அவரை அடியோடு தள்ளிவிடவில்லை. ஸுஃப்யான் ஸவ்ரீ போன்றோர் முன்னரே கேட்டவற்றை ஏற்று, குழம்பிய பின் கேட்டவற்றைப் பிரித்து வைத்தனர். பலவீனமான செய்தியையும் அதன் தரத்தைக் குறித்து ஏட்டில் பாதுகாத்தனர். தரம் பிரித்தல் வேறு, வாயடைத்தல் வேறு. முன்னது திறனாய்வு, பின்னது அநீதி.

உளவுத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர், துறை சார்ந்தவற்றை முன் அனுமதியின்றி வெளியிடலாகாது என 2021இல் நடுவண் அரசு ஓய்வூதிய விதிகளைத் திருத்தியது. அவர்தம் வாய்மொழி நமக்குக் கிட்டுவது அரிதே. நேதாஜி படையினருக்கு அத்தடை இல்லை. எனினும் அத்தலைமுறையினர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர்களிடம் நேரில் கேட்ட மக்களும் பேரரும் நம் மஹல்லாக்களில் இன்னும் உள்ளனர். யாரிடம் கேட்டோம், எப்போது கேட்டோம், அவர் கண்டது எது, கேள்வியுற்றது எது, ஐயத்துக்குரியது எது என்று குறித்து எழுதி வைப்பார்களாயின், அஃது ஒரு தொடராகும். முரண் தென்படின் அதையும் எழுதுக. அதற்காக எழுதாமல் விடற்க. அஸ்தம்பட்டி முதியவரின் கதையில் என் நினைவில் எஞ்சியதை நான் எழுதத் தொடங்கியுள்ளேன். நாட்கணக்கு பன்னிரண்டு என்றும் இருபது என்றும் இரண்டையும் குறித்துள்ளேன். வல்லாஹு அஃலம்.