நுவல்வோன் யார்? இணையவழி வீட்டுக்கல்விப் பாடத்திட்டங்கள்: நன்னூல் பொதுப்பாயிர நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இளங்குழந்தைகளுக்கு வீட்டிலேயே கல்வி அளிக்கும் பெற்றோர் இன்று இணையப் பாடத்திட்டங்களைப் பெரிதும் நம்பியுள்ளனர். இப்பாடத்திட்டங்கள் பொதுவாக உள்ளடக்கம், விலை, திரைநேரம் ஆகிய மூன்றைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. கற்பிப்பவர் யார் என்னும் வினா இம்மதிப்பீட்டில் விடுபட்டுப் போகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் ஐந்து கூறுகளை அளவுகோலாகக் கொண்டு, ஆம்பிள்சைட் ஆன்லைன் என்னும் பாடத்திட்டத்தையும் கான் அகாடமி கிட்ஸ் என்னும் செயலியையும் இக்கட்டுரை ஒப்பிட்டுத் திறனாய்வு செய்கிறது. விலையின்றிக் கிடைப்பது நூல் மட்டுமே. நுவல்வோனின் உழைப்பு கணக்கில் வராமல் பெரும்பாலும் தாயின்மீது சுமத்தப்படுகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வீட்டுக்கல்வி, இணையப் பாடத்திட்டம், நன்னூல், பொதுப்பாயிரம், நுவல்வோன், சார்லட் மேசன், மழலைக் கல்வி.

முன்னுரை

வீட்டுக்கல்வி மிகப் பரவலாக நடைபெறும் நாடு அமெரிக்கா. 1993ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் அது சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது. 2019ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 15 இலட்சம் மாணவர்கள், அதாவது பள்ளி வயதினரில் 2.8 விழுக்காட்டினர், வீட்டில் கற்றனர் என அந்நாட்டுக் கல்விப் புள்ளியியல் மையம் பதிவு செய்துள்ளது. பெருந்தொற்றின்போது இந்நிலை விரைந்து மாறியது. பள்ளி வயதுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களில் 2020 வசந்த காலத்தில் 5.4 விழுக்காடும் அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடும் வீட்டுக்கல்வியை மேற்கொண்டதாக மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வு தெரிவித்தது.

பாடத்திட்டத்தைத் தொலைவிலிருந்து வீட்டிற்கு அனுப்பும் வழக்கம் இணையத்தோடு தோன்றியதன்று. இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842–1923) 1891ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் கால்வர்ட் பள்ளி 1906 முதல் வீடுகளுக்குப் பாடங்களை அனுப்பியது. அஞ்சலின் இடத்தை இணையம் பிடித்தபோது வேகமும் எளிமையும் கூடின, விலை குறைந்தது. அம்மாற்றத்தில் இழக்கப்பட்டது எது என்பதையும் திறனாய்வாளர் கேட்டாக வேண்டும்.

திறனாய்வுக் கருவி

நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வி நிகழ்வை நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூறு என ஐந்தாகப் பகுக்கிறது. நூலை ஒரு கூறாகவும் கற்பிப்பவரை வேறொரு கூறாகவும் அது நிறுத்துவது இங்குக் கருதத்தக்கது. சிறந்த நூல் அமைந்துவிட்டதாலேயே கற்பித்தல் நிகழ்ந்துவிடாது என்னும் தெளிவு இப்பகுப்பில் உள்ளது. இணையப் பாடத்திட்டங்களோ இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்ட முனைகின்றன.

இக்கருவிக்கு ஓர் எல்லை உண்டு. நன்னூல் கருதும் மாணவர் இலக்கணம் பயிலும் பக்குவமுடையவர். ஐந்தாறு வயதுக் குழந்தையல்லர். ஆகவே அதன் விதிகளை அப்படியே பொருத்தாமல், அது எழுப்பும் வினாக்களை மட்டும் எடுத்துக்கொள்வதே முறையாகும்.

நூல்: விலையின்மையும் பழமையும்

ஆம்பிள்சைட் ஆன்லைன், சார்லட் மேசனின் கல்விக் கொள்கையைப் பின்பற்றித் தன்னார்வலர்கள் உருவாக்கிய கிறித்தவச் சார்புடைய பாடத்திட்டம். ஓர் ஆண்டுக்கு 36 வாரங்கள், அவை பன்னிரண்டு வாரங்கள் கொண்ட மூன்று பருவங்கள் என அதன் அட்டவணை அமைந்துள்ளது. ஒவ்வொரு வாரமும் எந்நூலின் எப்பகுதியைப் படிக்க வேண்டும் என்பது அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. இதனைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை.

கட்டணமின்மைக்கு ஒரு காரணம், பட்டியலின் பெரும்பகுதி பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களால் ஆனது. அமெரிக்காவில் 1978க்கு முன் வெளியான நூல்களுக்குப் பதிப்புரிமை மிகுதியாக 95 ஆண்டுகள் நீடிக்கும். எனவே இலவசமாகப் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டவை. முதலாண்டுப் பட்டியலில் இடம்பெறும் எச். இ. மார்ஷலின் இங்கிலாந்து வரலாற்று நூல் 1905இல் வெளியானது. கிப்ளிங்கின் ‘ஜஸ்ட் சோ ஸ்டோரீஸ்’ 1902இல் வெளியானது. நடையழகும் கதைச்சுவையும் இந்நூல்களுக்கு உண்டு. ஆனால் பேரரசின் உச்சக் காலத்தில், அப்பேரரசின் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை என்பதும் உண்மை. அமெரிக்கக் குழந்தையாயினும் இந்தியக் குழந்தையாயினும் ‘நம் தீவு’ என்று அந்நூல் அழைக்கும் நிலம் அதனுடையதன்று.

விலையின்மை இங்குப் பொருளாதாரச் செய்தியாக மட்டும் நிற்கவில்லை. உலகப் பார்வை ஒன்றையும் உடன் கொண்டுவருகிறது. அப்பார்வையை எங்கு நிறுத்தி, எவ்வாறு விளக்குவது என்பதை உரக்கப் படிப்பவரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. நூலின் குறையை நிறைவு செய்யும் பொறுப்பு நுவல்வோனிடம் வந்து சேர்கிறது.

நுவல்வோன்: மறைந்து நிற்கும் உழைப்பு

சார்லட் மேசனின் அஞ்சல்வழிப் பள்ளியில் பருவந்தோறும் பாடத்திட்டம் வீடுகளுக்குச் சென்றது. பருவ முடிவில் குழந்தைகளின் தேர்வு விடைகள் ஆம்பிள்சைட் ஊருக்குத் திரும்பி வந்தன. எழுதத் தெரியாத சிறுவர் வாயால் சொன்ன விடைகளைப் பெரியவர் எழுதி அனுப்பினர். அவற்றைப் படித்து மதிப்பிட அங்கு ஆள் இருந்தார். கால்வர்ட் பள்ளியிலும் விடைத்தாள்களைத் திருத்தி அறிவுரை கூறும் ஆசிரியர் சேவை இருந்தது. வீட்டில் கற்பித்தவருக்கு மறுமுனையில் ஒரு துணை இருந்தது என்பதே இவற்றின் பொருள்.

வீட்டிற்குள்ளும் துணை இருந்தது. 1892இல் ஆம்பிள்சைட்டில் சார்லட் மேசன் நிறுவிய கல்வி இல்லம், வீடுகளில் தங்கிக் கற்பிக்கும் ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்தது. அவருடைய பாடத்திட்டத்தை மேற்கொண்ட குடும்பங்கள் பலவற்றில் அத்தகைய ஆசிரியையும் பணியாளரும் இருந்தனர். நாள்தோறும் பல நூல்கள், இயற்கை உலா, ஓவியம், இசை, கைத்தொழில் எனப் பரந்து விரியும் அத்திட்டம், இவ்வுழைப்பாளர்களை முன்னிறுத்தியே இயன்றது.

இணையப் பதிப்பில் அட்டவணை எஞ்சியுள்ளது, உழைப்பாளர்கள் மறைந்துவிட்டனர். தேர்வு வினாக்கள் கிடைக்கின்றன, விடைகளை ஏற்று மதிப்பிடும் மறுமுனை இல்லை. வீட்டு ஆசிரியை, பணிப்பெண், தேர்வாளர் ஆகிய மூவரும் செய்த வேலை இன்று ஒருவரிடம் குவிந்துள்ளது. நடைமுறையில் அவர் பெரும்பாலும் தாய். சமையல், கைக்குழந்தை, சில வேளைகளில் வருவாய்க்கான வேலை ஆகியவற்றுக்கிடையே அவர் இதனைச் செய்கிறார். ‘இலவசப் பாடத்திட்டம்’ என்னும் தொடர் இவ்வுழைப்புக்கு விலை குறிக்காமையால் மட்டுமே உண்மையாகத் தோன்றுகிறது. அட்டவணையை முடிக்க இயலாத தாய் அதனைத் தம் குறையாகக் கருதிக்கொள்வதற்கும் இம்மறைப்பே இடமளிக்கிறது. அவ்வட்டவணை ஒருவருக்காக வகுக்கப்பட்டதன்று என்னும் வரலாற்று உண்மை அவருக்குச் சொல்லப்பட வேண்டும்.

நுவலும் திறன்: செயலியும் தாயும்

கான் அகாடமி கிட்ஸ் இதற்கு எதிர்முனையில் நிற்கிறது. 2018இல் வெளியான இச்செயலி 2 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. கட்டணமும் விளம்பரமும் அற்றது. முழு வீட்டுக்கல்வித் திட்டமாக இல்லாவிடினும், வீட்டில் கற்பிப்போர் எழுத்து, எண், வாசிப்பு ஆகியவற்றுக்கு இதனைப் பயன்படுத்துகின்றனர். ஆம்பிள்சைட் ஆன்லைன் தாயிடம் பேசுகிறது. இச்செயலி குழந்தையிடம் நேரடியாகப் பேசுகிறது. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய வசதிகள் இதில் இருப்பினும், குழந்தை கேட்பது கோடி என்னும் கரடியின் குரலையே.

கற்பிப்பவர் விரையாமல், வெகுளாமல், முகமலர்ந்து, மாணவர் கொள்ளும் வகையை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது நன்னூலின் கருத்து. இவற்றுள் முதல் மூன்றையும் செயலி குறைவின்றி நிறைவேற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே எழுத்தைப் பத்தாம் முறை தவறாகத் தீட்டினாலும் கரடி சினப்பதில்லை. களைத்த தாயிடம் இப்பொறுமையை எப்போதும் எதிர்பார்க்க இயலாது. இதனாலேயே செயலியை முற்றாகப் புறந்தள்ளும் வாதங்கள் வலுவிழக்கின்றன.

நான்காவதான கொள்வகை அறிதலில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. குழந்தை தந்த விடைகளைக் கொண்டு அடுத்த பயிற்சியின் கடினத்தைச் செயலி மாற்றியமைக்கும். ஆனால் கரடி ஏன் குளிர்காலத்தில் உறங்குகிறது என்று குழந்தை கேட்டால் அதற்குச் செவி இல்லை. ஆசிரியராகத் தகாதவருக்கு நன்னூல் கூறும் உவமைகளுள் ஒன்று மடற்பனை: தானே விழும் பழத்தைப் பெறலாமேயன்றி, நெருங்கி ஏறிப் பறிக்க இயலாது. தருவதைத் தாராளமாகத் தந்து, கேட்பதைத் தர இயலாத செயலிக்கு இவ்வுவமை பொருந்துகிறது. 2 முதல் 5 வயதினருக்குத் திரைநேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்குள் அமைய வேண்டும் என்றும் பெற்றோர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இரண்டாம் பகுதியே இங்கு முதன்மையானது. உடனிருப்பவர் அக்கேள்விக்குச் செவியாகிறார். செயலியின் முன்னும் நுவல்வோன் தேவைப்படுகிறார்.

கொள்வோனும் கோடற்கூறும்: காலும் அரையும்

ஆசிரியர் உரைப்பதை நன்கு கொண்டாலும் மாணவருக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், தாம் பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கிட்டும் என நன்னூல் கணக்கிடுகிறது. வீட்டுக்கல்வியை மதிப்பிட இதனினும் கூர்மையான அளவுகோல் அரிது.

எடுத்துரைத்தல் என்னும் அரைப்பங்கில் ஆம்பிள்சைட் ஆன்லைன் சிறந்து நிற்கிறது. ஒருமுறை படிக்கக் கேட்டதைக் குழந்தை தன் சொற்களில் திரும்பச் சொல்வது சார்லட் மேசன் முறையின் உயிர்நிலை. ஆறு வயதுக்கு முன் இதனைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும், சிறுவர்க்குப் பாடவேளை 20 நிமிடத்தைத் தாண்டலாகாது என்றும் அவர் வரையறுத்தார். சரியான படத்தைத் தொடுவதை வெற்றியாகக் கொள்ளும் பயிற்சி, சொன்னதைச் சொல்லும் கிளியைப் போன்ற மாணவரை உருவாக்கலாம். திரும்பச் சொல்லும் குழந்தையோ தேர்ந்தெடுக்கிறது, வரிசைப்படுத்துகிறது, சொல் தேடுகிறது. எனினும் ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். நன்னூல் கருதும் எடுத்துரைப்பு அறியாதவருக்கு உரைப்பது. இங்குக் குழந்தை, கதையைப் படித்துக்காட்டிய தாய்க்கே அதனைச் சொல்கிறது. மாலையில் வீடு திரும்பும் தந்தைக்கோ தம்பி தங்கைக்கோ சொல்லும்போதுதான் அச்சொல்லுக்கு உண்மையான பயன் பிறக்கிறது.

உடன் பயில்வோரால் வரும் காற்பங்கு இரு திட்டங்களிலும் மெலிந்தே உள்ளது. அமெரிக்கக் குடும்பங்கள் பல கூட்டுறவுக் குழுக்களாக இணைந்து இக்குறையை ஈடு செய்கின்றன. அது பெற்றோரின் முயற்சி. பாடத்திட்டம் தரும் கூறு அன்று.

தமிழ்ச் சூழலுக்கு உரிய வினா

2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், மழலைக் கல்வி என்னும் பகுதியில் பாடல், கதை, உரையாடல், எழுத்து ஆகியவற்றை உலகெங்கும் உள்ள தமிழ்க் குழந்தைகளுக்கு வழங்கி வருகிறது. அயல்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் தாய்மொழிக்கல்வி பெரிதும் வீட்டுக்கல்வியே. பள்ளி நேரத்திற்குப் புறத்தே, பெற்றோரின் பொறுப்பில் அது நடைபெறுகிறது.

இச்சூழலில் நுவல்வோன் பற்றிய வினா இரட்டிப்பாகிறது. தமிழைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தாய் அல்லது தந்தை ஒரே வேளையில் நுவல்வோராகவும் கொள்வோராகவும் இருக்கிறார். குழந்தைக்குப் பாடலும் அசைபடமும் அளித்தால் மட்டும் போதாது. இப்பாடலுக்குப் பின் குழந்தையிடம் என்ன கேட்பது, உணவு வேளையில் எந்தச் சொற்களை மீண்டும் வழங்குவது, பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது எக்கதையைச் சொல்லச் செய்வது என்னும் குறிப்புகள் பெற்றோருக்கு வேண்டும். அக்குறிப்புகள் அவர் படிக்கக்கூடிய எழுத்திலோ கேட்கக்கூடிய ஒலியிலோ அமைய வேண்டும். தமிழில் மழலையர் பாடங்களை உருவாக்குவோர் பெற்றோருக்குரிய பாடத்தைப் பின்னிணைப்பாகக் கருதாமல் பாடத்தின் ஒரு பாதியாகக் கொள்வது பயன் தரும்.

முடிவுரை

இரு திட்டங்களும் தத்தம் அளவில் பயனுடையவை. ஒன்று நல்ல நூல்களையும் எடுத்துரைக்கும் பழக்கத்தையும் தருகிறது. மற்றொன்று சலியாத பயிற்சியைத் தருகிறது. எனினும் முன்னது நுவல்வோனின் உழைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. பின்னது நுவல்வோன் இன்றியும் கற்றல் நிகழும் என்னும் தோற்றத்தை உண்டாக்குகிறது. இளங்குழந்தைகளுக்கான இணையப் பாடத்திட்டத்தை மதிப்பிடும்போது, அது குழந்தைக்கு என்ன தருகிறது என்பதோடு, கற்பிக்கும் பெரியவரிடம் எவ்வளவு நேரத்தைக் கோருகிறது, அவருக்கு என்ன துணை தருகிறது என்பவற்றையும் அளவுகோல்களாகக் கொள்ள வேண்டும். நூலையும் நுவல்வோனையும் வேறு வேறாக நிறுத்திய பொதுப்பாயிரத்தின் பகுப்பு, இம்மதிப்பீட்டிற்கு இன்றும் உதவும் கருவியாக விளங்குகிறது.