உணர்வது யார், உணர்த்துவது யார்? இன்ஃபர், இம்ப்ளை பற்றி ஒரு குறிப்பு

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினேன். ரிலீஸுக்குப் பிறகு ஒரு பிழை வெளிவந்து, அதுபற்றி அவர்கள் அறிக்கை அனுப்பியிருந்தார்கள். அதில் தேதிகள் வரிசையாக இருந்தன: கோடு முடித்த தேதி, ரிலீஸ் தேதி, பிழை கண்ட தேதி. டெஸ்டிங் தேதி மட்டும் இல்லை. 'நாங்கள் டெஸ்ட் செய்யவில்லை என்று உங்கள் அறிக்கை இன்ஃபர் செய்கிறது' என்ற பொருளில் எழுதிவிட்டேன். பதில் இரண்டே வரிதான். அறிக்கை எதையும் இன்ஃபர் செய்யவில்லை, அந்த முடிவுக்கு வந்தது நீங்கள்தான் என்றார்கள். நான் சொன்ன புகார், ஒரு வினைச்சொல்லால், என்னுடைய ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிப்போச்சு.

இலக்கணப் புத்தகங்கள் சொல்லும் விதி எளிது. சொல்பவர் இம்ப்ளை செய்கிறார், கேட்பவர் இன்ஃபர் செய்கிறார். மறைமுகமாக உணர்த்துவது ஒன்று, கிடைத்ததை வைத்து ஊகித்து அறிவது இன்னொன்று. இன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர் இதைப் பின்பற்றுவதுதான் நல்லது. ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன.

முதல் குறை, வரலாறு. இரண்டையும் கலப்பது இந்தக் காலத்து அரைகுறைப் படிப்பின் விளைவு என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் பயன்பாட்டுக் குறிப்பைப் பாருங்கள். இன்று சரி என்று ஏற்கும் பொருளில் இரண்டு சொற்களையும் 1528-இல் எழுதியவர் தாமஸ் மோர். அதே மோர்தான் 1533-இல் இன்ஃபரை இம்ப்ளைக்கு நெருக்கமான பொருளிலும் எழுதினார். முதல் உலகப் போர் முடியும் காலம்வரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அச்சில் 1597-இல் வந்த ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில் இந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருள்கூட உண்டு. எட்வர்ட் மன்னனின் பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் அல்ல என்ற பேச்சை மக்கள் முன் எடுத்துவைக்கச் சொல்லும் இடத்தில் வருவது இன்ஃபர்தான். இலத்தீன் மூலத்தின் பொருள் 'உள்ளே கொண்டுவருதல்' என்பதால் அதுவும் பொருந்துகிறது. இம்ப்ளையின் மூலத்துக்கு 'உள்ளே மடித்துவைத்தல்' என்று பொருள்.

மோரின் 1533-ஆம் ஆண்டுப் பொருளில் எழுவாய் ஆளாக இருக்காது, செய்தியோ சான்றோதான் இருக்கும். என் மெயிலில் எழுவாய் 'அறிக்கை'. அப்படிப் பார்த்தால் நான் மோர் வழியில்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் வாடிக்கையாளரிடம் போய் தாமஸ் மோரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?

இரண்டாவது குறைதான் முக்கியம். இந்த விதி இரண்டு வினைகளையும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி காட்டுகிறது. ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்க, கணக்கு சரியாகிவிடும் என்பது போல. நடைமுறையில் அப்படி இல்லை. யாரும் உணர்த்தாததை நாம் ஊகித்துக்கொள்கிறோம், உணர்த்தியதைக் கவனிக்காமலும் விடுகிறோம். கம்பைலர் இதில் நம்மைவிட நேர்மையானது. ஜாவா 10 (2018) முதல் 'வார்' என்று எழுதி 10 என்ற மதிப்பைக் கொடுத்தால், அது முழு எண் என்று கம்பைலர் தானே கண்டுபிடிக்கும். 'நல்' என்று கொடுத்தால், வகையை இன்ஃபர் செய்ய முடியவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். மனுஷன் நிற்க மாட்டான். வெறும் இடத்தைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிடுவான்.

அதற்காகத் தப்பு எப்போதும் கேட்பவருடையது என்று சொல்லிவிட முடியாது. மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1975-இல் வெளியான கட்டுரையில் தந்த உதாரணம் பிரபலமானது. தத்துவத் துறை வேலைக்கு ஒரு மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம். அதில் அவருடைய ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார் என்று மட்டும் எழுதியிருக்கிறது. தத்துவத்தில் அவர் தேறமாட்டார் என்று யாரும் புரிந்துகொள்வார்கள். ஆனால் கடிதம் எழுதியவர் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று பின்வாங்கலாம். எனக்கு வந்த அறிக்கையும் இதே ரகம்தான். ஒரு வரியை விட்டுவிட்டு உணர்த்தினார்கள், நான் ஊகித்தேன். நான் சொல்லை மாற்றிப் போட்டதும் அவர்கள் பொறுப்பிலிருந்து நழுவிக்கொண்டார்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் குறைவு. உணர், உணர்த்து என்று தன்வினையும் பிறவினையும் பக்கத்திலேயே இருக்கின்றன, திருந்து, திருத்து மாதிரி. நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் கடைசி 'உய்த்துணர வைப்பு'. உய்த்துணர்வது படிப்பவர் வேலை, அப்படி வைப்பது நூலாசிரியர் வேலை. இரண்டு பேர் பங்கும் ஒரே பெயரில் வந்துவிடுகிறது. ஆனால் இம்ப்ளைக்கு 'உணர்த்து' முழுசாகப் பொருந்தாது. கேட்பவர் உணர்ந்தால்தான் உணர்த்தினார் என்கிறோம். யாருக்கும் புரியாமல் போனாலும் இம்ப்ளை செய்ததாகச் சொல்லலாம்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் போட்டுப் பார்க்கிறேன். 'அறிக்கை உணர்த்துகிறது' சரியாக இருக்கிறது. 'அறிக்கை ஊகிக்கிறது' என்றால் சிரிப்பு வருகிறது. இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. கோபத்தில் எழுதும் மெயிலில் இரண்டு சொற்களையுமே போடுவதில்லை. 'டெஸ்டிங் தேதி ஏன் விடுபட்டிருக்கிறது?' என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கும் அதைத்தான் கேட்டிருக்கணும். டெஸ்ட் நடந்ததற்கான பதிவு எங்களிடம் இருந்தது.