ஐந்து வெள்ளிக்குப் பசியாறுவது

பினாங்கில் எங்கே சாப்பிடலாம் என்று இதுவரை எழுதியதையெல்லாம் அச்சிட்டால், அந்தத் தாளிலேயே ஜார்ஜ் டவுன் முழுக்க நாசி லெமாக் பொட்டலம் கட்டலாம். தமிழிலும் இப்போது நிறைய வருகிறது. பயணக் கட்டுரை, முகநூல் பதிவு, முப்பது நொடிக் காணொளி. எல்லாவற்றிலும் அதே பத்துப் பன்னிரண்டு கடைகள், அதே இரண்டு பாராட்டுகள்: அலாதி ருசி, மலிவு விலை. ருசியைப் பற்றி எனக்கு வழக்கில்லை, அது அவரவர் நாக்கு. மலிவு என்ற சொல்லைத்தான் கொஞ்சம் நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் வெள்ளியை மாற்றிக்கொண்டு வாரக் கடைசியில் பாலம் தாண்டி வருகிறவருக்கு 10 ரிங்கிட் சாப்பாடு சில்லறைக் காசு. அவர் 'செம்ம சீப்' என்று எழுதினால் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் அதே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கைப்பேசிக் கடையில் நிற்கும் பையனாக இருக்கலாம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். காலையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் 5 ரிங்கிட், மதியம் சோறு 10 ரிங்கிட் என்று தாராளமில்லாமலே கணக்குப் போடுவோம். மாதம் 26 நாள் வேலைக்கு 390 ரிங்கிட். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், இரண்டு வேளைக்கு மட்டும். ராத்திரிச் சாப்பாடு, வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் மிச்சத்தில்.

நாளைக்கும் அங்கேயே சாப்பிட வேண்டியவரின் கண் நம் உணவு எழுத்தில் இல்லை. வாரத்தில் ஆறு நாள் போனால் பையும் வயிறும் தாங்குமா என்று எந்தக் கட்டுரையும் கேட்பதில்லை. ஒரு முறை சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர்தான் எல்லோருக்குமாகத் தீர்ப்பு எழுதுகிறார்.

நாசி கண்டாரை எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் ஒவ்வொருவரும் தோளில் கம்பு, இரண்டு முனையிலும் கூடை, ஒன்றில் சோறு, ஒன்றில் கறி என்ற சித்திரத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள். சரிதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கொண்டுபோய் விற்ற சாப்பாடு அது. மூட்டை தூக்கப் போகிறவன் காலையிலேயே வயிறு நிறையச் சோறு தின்ன வேண்டியிருந்தது. ஆகவே அதன் பிறப்பே மலிவான காலைச் சாப்பாடு. கேம்பல் வீதி ஹமீதியா 1907இலிருந்து இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறார்கள். பிறகு 'நம்ம ஆளு கொடுத்த கொடை' என்று ஒரு பெருமூச்சு. கட்டுரை முடிந்தது.

ஆனால் கதை அங்கேதானே ஆரம்பிக்கிறது? மூட்டை தூக்கியவர்கள் இப்போது அங்கே இல்லை. சரக்குத் துறைமுகம் அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டது. கம்பும் கூடையும் சுவரில் படமாகத் தொங்குகின்றன. தட்டில் சோறு, மேலே நாலு கறிகளின் குழம்பைக் கலந்து ஊற்றுகிற 'பஞ்சிர்', அதாவது வெள்ளம். விலை? பல கடைகளில் தட்டைப் பார்த்துக் கண்ணாலேயே கணக்குப் போடுகிறார்கள். விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும் பெரிய இறாலும் மீன் தலையும் கல்லாவுக்கு வந்த பிறகுதான் எண்ணாக மாறும். முட்டை, வெண்டைக்காய், முட்டைக்கோஸ் என்று நிறுத்திக்கொண்டால் பத்துக்குள் முடியும். கறியைக் கை காட்டும்போதே 'அண்ணே, இது எவ்வளவு வரும்?' என்று கேட்டுவிடுவது உத்தமம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உள்ளூர்க்காரர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

நகர நடுவில் மலிவாகச் சாப்பாடு கிடைத்ததற்குக் கைப்பக்குவம் மட்டும் காரணமில்லை. வாடகை. போருக்கு முந்தைய, 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு கூரை போட்டிருந்தது. கீழே கடை, மேலே மூன்று குடும்பம். அந்தக் குடும்பங்கள்தான் காலையில் கீழே இறங்கி வந்து கோப்பி ஓ குடித்த வாடிக்கையாளர்கள். 2000 ஜனவரியோடு அந்தக் கூரை போயிற்று. வாடகை ஏற, ஆட்கள் தீவின் ஓரங்களுக்கு, அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டடங்கள் பிழைத்தன; அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாரம்பரியம் என்று நாம் படம் பிடிக்கிற பல கடைவீடுகளின் உள்ளே இப்போது தங்கும் விடுதியும் கப்புச்சினோவும். மேல்மாடியிலிருந்து இறங்கி வர யாருமில்லாத தெருவில் கீழே உள்ள அங்காடிக்காரர் யாருக்கு விற்பார்? பேருந்தில் வருகிறவருக்குத்தான். அவருக்கேற்ற விலைக்குத்தான்.

இதற்கு மேலே 2022 டிசம்பரில் மிஷெலின் வந்தது. 1900இல் டயர்க் கம்பெனி ஒன்று வண்டிக்காரர்களுக்காக ஆரம்பித்த கையேடு, இன்று சைக்கிளில் வந்து சாப்பிடுகிறவரின் கடைக்கு முன்னால் வரிசையை நீட்டிவிடுகிறது. நல்ல விலையில் நல்ல சாப்பாடு என்பதற்கென்றே அதில் தனிப் பட்டியல் உண்டு. அங்காடிக்காரர்களுக்கு அது நியாயமான கௌரவம், நான் மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேர உணவு இடைவேளை உள்ளவனுக்கு நாற்பது நிமிட வரிசையும் ஒரு விலைதான். அதை யாரும் விலையில் சேர்ப்பதில்லை.

மறுபக்கம் அரசு 2023 ஜனவரியில் 'மெனு ரஹ்மா' என்று கொண்டுவந்தது. 5 ரிங்கிட்டுக்குள் சோறு, காய்கறி, கூடவே மீனோ கோழியோ முட்டையோ. தொடங்கியபோது மானியம் எதுவும் இல்லை, கடைக்காரர் விரும்பினால் சேரலாம். அந்த ஒட்டுப்படத்தைக் கடைக் கண்ணாடியில் பார்த்தால் உள்ளே போய்க் கேளுங்கள். சில இடங்களில் தட்டு வரும், சில இடங்களில் 'முடிஞ்சிருச்சி' என்ற பதில் வரும். ஆனாலும் சாப்பாட்டுக்கு ஓர் எண்ணை வைத்துப் பேசிய திட்டம் அது. நம் கட்டுரைகள் இன்னும் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

சரி, எங்கேதான் சாப்பிடுவது என்றால், எட்டு மணிக்கு முன் நடங்கள். டிரான்ஸ்பர் ரோட்டில் சாலையோரம் ரொட்டி சானாய் கிடைக்கும். கோப்பித்தியாம்களில் கடை முதலாளிக்குப் பானத்தில்தான் வருமானம், மீயும் சோறும் அவரிடம் இடம் வாடகைக்கு எடுத்தவர்களுடையவை. தண்ணி வாங்காமல் உட்கார்ந்தால் சில இடங்களில் மேசைக்குத் தனிக் காசு கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். சௌராஸ்தா சந்தைப் பக்கம் சீருடையோடு யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நகராண்மைக் கழகத் தொழிலாளர்கள், பள்ளிக்கூட வேன் ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தால் தைரியமாகப் போகலாம். மதியத்துக்குச் சீனர்களின் கலவைச் சோறு, காய் இரண்டு, முட்டை ஒன்று. பன்னிரண்டரைக்கு முன்னால் போனால் காய் வதங்காமல் இருக்கும்.

லிட்டில் இந்தியா பினாங்கு வீதியில் வாழையிலைச் சோறு இருக்கிறது. அங்கே சாப்பிடும்போது எனக்கு ப. சிங்காரம் ஞாபகம் வரும். மேடானிலும் பினாங்கிலும் நடக்கிற 'புயலிலே ஒரு தோணி'யை நாம் போர் நாவலாக, அங்கத நாவலாக எவ்வளவோ பேசிவிட்டோம். மேடானில் வட்டிக்கடை வேலைக்குப் போனவரின் கண் அது என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. அந்த உலகத்தின் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் செட்டியார் கிட்டங்கியிலேயே சமைத்துச் சாப்பிட்டுக் கணக்கெழுதியவர்கள். தெருவை விருந்தாளியாகப் பார்க்காத கண். இன்றைய பினாங்கைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் எனக்கு அந்தக் கண் வேண்டும், அந்த நடை வேண்டாம் (அதைப் போலி செய்தவர்கள் ஏற்கெனவே போதும்).

லக்சா, சார் குவே தியாவ் போன்ற பினாங்கு உணவுகளை அங்காடிகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று 2016இலிருந்து மாநிலத்தில் தடை இருக்கிறது. பாரம்பரிய ருசியைக் காப்பதற்கு என்றார்கள். தோசை அந்தக் கணக்கில் வரவில்லை. பினாங்கு வீதியில் கல்லுக்கு முன்னால் நிற்பவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வந்திருப்பார். அப்படி ஒருவரிடம், லீவு நாளில் எந்தக் கடையில் சாப்பிடுவீங்க என்று கேட்டேன்.

'கடைல எங்க சார் சாப்பிடுறது, கட்டுப்படியாகாது. ரூம்ல நாலு பேரு சேந்து ஆக்கிருவோம்' என்றார், அடுத்த தோசைக்கு மாவை ஊற்றிக்கொண்டே.