தாங்கோ இசையிற் பழமையும் புதுமையும்

மரபு காத்து வைக்கும் பொருளா, வளர்த்தெடுக்கும் பயிரா என்னும் வினாவுக்கு ஆர்ஜென்டினா நாட்டு இசைஞர் அஸ்தோர் பியாசோலா (1921-1992) தம் படைப்புக்களால் விடையிறுத்தார்.

தாங்கோ, புவனஸ் அயர்ஸ் நகரின் எளிய மக்களிடையே வளர்ந்த ஆடலிசை. அதன் உயிர்நாடியாகிய பந்தோனியோன் என்னும் துருத்திக் கருவியோ ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆகவே, கலப்பு அம்மரபுக்குப் புதிதன்று. 1954இல் பாரிஸ் சென்று மேனாட்டுச் செவ்விசை பயின்ற பியாசோலா, தம் ஆசிரியை நாடியா பூலான்சேயின் தூண்டுதலாலேயே தாங்கோவின் அருமையை உணர்ந்தார். 1955இல் அமைத்த எண்மர் குழுவில் மின்கித்தாரையும் சேர்த்துக்கொண்டார். ஜாஸ் இசையின் இயல்புகளையும் பல குரல்கள் ஒன்றையொன்று தொடரும் செவ்விசை முறையையும் தாங்கோவோடு இணைத்தார்.

இது தாங்கோவன்று எனப் பழமை போற்றுவோர் வெகுண்டனர். அவ்விசை ஆடுவோரைவிடக் கேட்போரையே நாடியது என்பது உண்மை. அஃது ஓர் இழப்புமாகும். ஆயினும், எட்டு அலகுகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பகுக்கும் அவரது தாளக்கட்டு மிலோங்கா என்னும் பழைய இசைவகைக்கும் உரியதே. தந்தையின் மறைவையொட்டி 1959இல் இயற்றிய 'அதியோஸ் நொனினோ'விற் பழந்தாங்கோவின் ஏக்கமே மேலோங்கி நிற்கின்றது. அயலிசையை நன்கு கற்றவர் தம் மரபின் வேரையும் அறிந்திருந்தமையாலேயே இப்புதுமை நிலைபெற்றது எனல் பொருந்தும்.