பின்வரிசைப் பிள்ளைக்கு யார் ஆசிரியர்?

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி விகிதம் சரிந்தால், தமிழ்நாட்டில் மாணவனைவிடத் தலைமையாசிரியருக்குத்தான் முதலில் வியர்க்கும். முதன்மைக் கல்வி அலுவலர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் பாடவாரியாகக் கணக்கு கேட்பார்கள். அதனால் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு 'மெல்லக் கற்போர்' பட்டியல் ஒன்று தயாராகிவிடும். அதில் பெயர் வந்த பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் ஒன்று, சனிக்கிழமையும் விடுதலை இல்லை. முன்னாள் மாணவர் யாராவது மனம் வைத்தால் மாலையில் சுண்டல் கிடைக்கும்.

அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் பாடத்தை வைத்தே பார்த்துவிடலாம். 100 மதிப்பெண் தாள். 35 எடுத்தால் தேர்ச்சி. வரைபடம் ஒன்று, செய்முறை வடிவியல் ஒன்று, எட்டெட்டாக 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. ஆக 30 வந்துவிட்டது. மீதி ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் வினா மூன்றைத் தேற்றினால் போதும். பட்டியலில் உள்ள பிள்ளை, காம்பஸை எங்கே குத்துவது, எத்தனை செ.மீ. விரிப்பது, எந்தப் புள்ளிக்கு எந்த எழுத்தைப் போடுவது என்று கை பழகும்வரை வரைகிறது. தொடுகோடு என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கும். ஆனால் தொடுகோடு பிசகாமல் வரும்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் மேல்நிலை வகுப்பும் இல்லை, பாலிடெக்னிக்கும் இல்லை. 2025இல் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். அந்த எண்ணுக்குள் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் மாலை நேரங்கள் இருக்கின்றன. கேள்வி வேறு: ஒன்பது வருடங்கள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்துகொண்டுதானே இருந்தது? பட்டியல் ஏன் பத்தாவதில் எழுதப்படுகிறது? சில தனியார் பள்ளிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்பதாவதிலேயே எழுதிவிடுகின்றன. அங்கே பட்டியலில் பெயர் வந்தால் சிறப்பு வகுப்பு கிடையாது. பெற்றோரை அழைத்து டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேருந்து நிலையத்தில் வைக்கப்படும் பலகைகள் சிலவற்றின் பின்கதை அதுதான்.

இலங்கையில் இந்தத் தேர்வுச் சூடு பத்து வயதிலேயே தொடங்கிவிடும். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை நல்ல நோக்கத்தோடு பிறந்தது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போக ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழிதான் இந்தப் பரீட்சை. இதனால் மேலே வந்த மருத்துவர்களும் பொறியியலாளர்களும் அந்த நாட்டில் ஏராளம். ஆனால் இன்று ஆண்டுதோறும் சுமார் 3 லட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஐந்தில் ஒருவர்கூடப் புலமைப்பரிசிலுக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதில்லை. இரண்டு வினாத்தாளுக்குமாக 200 புள்ளி. 70 எடுத்தாலே சித்தி என்று சான்றிதழ் வரும். வீட்டில் அந்தச் சித்திக்கு ஒரு மதிப்பும் இல்லை. "பாஸா?" என்று அயலவர் கேட்டால், வெட்டுப்புள்ளியைத்தான் கேட்கிறார்கள் என்று பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. ஐந்தாம் தரத்தில் மாதிரி வினாத்தாள், கருத்தரங்கு, மீண்டும் வினாத்தாள். பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்து வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்தக் கூடாது, மாதிரித் தாள் அச்சிட்டு விநியோகிக்கக் கூடாது என்று பரீட்சைத் திணைக்களமே தடை அறிவிக்க வேண்டிய நிலை. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு! பெறுபேறு வந்ததும் பாடசாலை மதிலில் படங்களோடு பதாகை ஏறும். படம் வராத பிள்ளைகளும் அதே மதிலைத் தாண்டித்தான் மறுநாள் உள்ளே போக வேண்டும்.

ஆக, ஒரு நாடு பிள்ளைகளைப் பத்து வயதில் சலிக்கிறது. மற்றது பதினைந்து வயதுவரை சலிக்காமல் வைத்திருந்துவிட்டுக் கடைசியில் பதறுகிறது. இரண்டில் எது மேல் என்றால் நான் தமிழ்நாட்டின் பக்கம் சாய்வேன். பதறினாலும் அந்தப் பதற்றம் பின்தங்கிய பிள்ளைக்காக. இலங்கையில் ஐந்தாம் தர ஆசிரியரின் உழைப்பில் பெரும்பங்கு, ஏற்கெனவே 140 எடுக்கும் பிள்ளையை 160க்குக் கொண்டுபோவதில் கழிகிறது. 60 எடுக்கும் பிள்ளை வெட்டுப்புள்ளிக் கணக்கில் யாருக்கும் லாபமுமில்லை, நட்டமுமில்லை.

சலிக்காமல் வைத்திருப்பதும் தன்னளவில் உதவி ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தபோது எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. சரியான விதி. ஃபெயிலாக்கி உட்கார வைத்த பிள்ளை பள்ளியை விட்டுவிடும் ஆபத்து அதிகம். 2019இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத் தேர்வு என்று தமிழ்நாடு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டதும் நல்லதே. ஆனால் 'நிறுத்தாதே' என்பதோடு 'கற்பிக்காமல் அனுப்பாதே' என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். அசர் (ASER) என்ற கல்வி ஆய்வை நடத்துபவர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லும்போது, மேல் வகுப்புப் பிள்ளைகளும் திணறுவது அதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துக் கொண்டுவந்தது. பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். சுவரில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைக் கட்டம். பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிந்திருக்கும். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதை ஓர் ஏணிப்படம் காட்டும். அம்மை கண்டு பதினைந்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் தான் விட்ட அட்டையிலிருந்தே தொடங்கலாம். வகுப்பு அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம், அதை விட்டுவிட்டு ஓடவும் வேண்டாம். பின்தங்குதல் என்பதற்கே இடமில்லாத ஏற்பாடு இது.

அது ஏன் மங்கியது? பெற்றோர் நோட்டில் எழுத்தைத் தேடினார்கள்; ஆசிரியருக்கு அட்டைகளை அடுக்குவதே வேலையாயிற்று; ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஏணி ஆடத்தான் செய்யும். பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' அதே எண்ணத்தின் மறுபிறப்பு. பிள்ளைகளை வயதைப் பார்த்து வைக்காமல், இப்போது எதுவரை தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று வைக்கிறார்கள். அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்து அறிமுகம். மலரில் இருக்கும் பிள்ளை பத்தி வாசிக்கும். கற்பிக்கும் நேரத்தைச் செயலியில் பதிவேற்றுவது தின்கிறது என்று ஆசிரியர்கள் புலம்புகிறார்கள். புலம்பலில் நியாயம் உண்டு. இருந்தும் 'மெல்லக் கற்போர்' பட்டியல் எழுத வேண்டிய இடம் பத்தாவது அல்ல, ஒன்றாவது என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் இது.

இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் காகிதத்தில் இதற்குக் குறைந்ததல்ல. 1998இல் கம்பஹாவில் தொடங்கி அடுத்த ஆண்டு நாடெங்கும் போனது. முதலிரண்டு தரங்களில் விளையாட்டும் செயற்பாடும் மிகுதி. மூன்று, நான்கில் எழுத்து வேலையும் சம பங்கு. ஐந்தில்தான் எழுத்து வேலைக்கு முதலிடம். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளைப் பிள்ளை அடைந்ததா என்று பார்த்து, அடையாவிட்டால் பரிகாரக் கற்பித்தல் செய்ய வேண்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் புலமைப்பரிசில் என்ற யானை அதே அறைக்குள் நிற்கும்போது விளையாட்டுக்கு இடம் எங்கே? மலையகத்தின் தோட்டப் பாடசாலைகளிலோ பிரச்சினை இன்னும் அடியில் இருக்கிறது: கணிதம், விஞ்ஞானம் கற்பிக்க ஆளே போதாது.

சாதாரண தரப் (O/L) பரீட்சைக்கு வந்தால் இலங்கையிலும் கணிதம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. உயர்தர (A/L) வகுப்புக்குப் போக முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி, அவற்றில் மூன்று திறமைச் சித்தி வேண்டும். 2024ஆம் ஆண்டுக்கான பரீட்சையில் தகுதி பெற்றவர்கள் 73.45 சதவீதம். இரண்டு நாட்டுக்கும் அளவுகோல் வேறு என்பதால் இதை 93.80க்குப் பக்கத்தில் வைத்து யாரும் பெருமைப்பட வேண்டாம். தவறிய பிள்ளைக்கு என்ன வழி என்பதை ஒப்பிடுவதே பயன். தமிழ்நாட்டில் முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வந்துவிடும். தவறிய பாடத்தை மட்டும் எழுதி அதே ஆண்டு பதினொன்றில் சேரலாம். இலங்கையில் அடுத்த பரீட்சைவரை காத்திருக்க வேண்டும். பதினாறு வயதில் ஒரு வருடம் சும்மா இருக்கும் பிள்ளை கடை வேலைக்கோ கொழும்புக்கோ போய்விடும்; பெரும்பாலும் திரும்பாது. மறுபுறம், 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வி, சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் தொழிற்பாடத் துறையில் பாடசாலைக் கல்வியைத் தொடர வழிசெய்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் பார்த்துக் கற்க வேண்டியது இது.

இலங்கையின் வடக்கில் இன்னொன்றும் உண்டு. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களை அறியாத தமிழ்மூல உயர்தர மாணவர் குறைவு. ஆசிரியர்கள் தாமாகக் கூடி வினாத்தாள் தயாரித்து நடத்துகிறார்கள். போர்க்காலத்திலும் அதன் பிறகும் ஒரு சின்னப் பாடசாலைப் பிள்ளை, பெரிய கல்லூரிப் பிள்ளையோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்க அதுவே தராசு. மேலிருந்து சுற்றறிக்கை வராமலே ஆசிரியர்கள் இவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. வருத்தம் ஒன்றுதான்: அந்த உழைப்பு உயர்தரம்வரை தாக்குப்பிடித்து வந்தவர்களுக்கே போய்ச் சேர்கிறது. இரண்டாம் தரப் பிள்ளையின் வாசிப்புக்கு அப்படியொரு நிலையம் இரு கரையிலும் இல்லை.

பிள்ளை பின்தங்குவதற்குப் பசியும் ஒரு முக்கியக் காரணம். அதைத் தமிழ்நாடு 1956இல் காமராசர் காலத்து மதிய உணவிலிருந்து 2022இன் காலை உணவுவரை புரிந்துகொண்டு செயல்பட்டிருக்கிறது. இலங்கை இலவசப் பாடநூலும் சீருடையும் தருகிறது. அரசுகள் செய்ய வேண்டியவை இவை. பள்ளிக்குள் செய்ய வேண்டியதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. நேரசூசியும் கால அட்டவணையும் போடுகிறவரின் முடிவு போதும். இன்று இரு நாட்டிலும் பெயர்பெற்ற ஆசிரியரைப் பொதுத் தேர்வு வகுப்புக்கும், புதிதாக வந்தவரையும் ஓய்வுக்குக் காத்திருப்பவரையும் ஒன்றாம் வகுப்புக்கும் போடுகிறோம். தலைமையாசிரியர்களே, அதிபர்களே, அடுத்த ஆண்டுக்கான வகுப்புப் பொறுப்பை எழுதும்போது மேலிருந்து கீழே எழுதாமல் கீழிருந்து மேலே எழுதுங்கள். உங்கள் பள்ளியின் ஆகச் சிறந்த ஆசிரியர் பெயரை ஒன்றாம் வகுப்புக்கு நேரே போடுங்கள்.