கோடும் உயிரும்: 1953ஆம் ஆண்டின் சித்திரப் படங்கள்

சித்திரம் அசைவற்றது, அதனை அசையச் செய்வது கண்ணின் மயக்கமே. ஒரு நொடியில் 24 படங்கள் திரையிற் கடந்து செல்லும்போது, அவற்றிடையேயுள்ள சிறு வேறுபாடுகளைக் கண் இயக்கமாகக் கொள்கின்றது. இம்மயக்கத்தைக் கருவியாகக் கொண்ட கலைஞன் எதனைச் செய்தல் வேண்டும்? உயிர்களின் நடையையும் சாயலையும் உள்ளவாறே பெயர்த்துக் காட்டுவதா? அன்றிக் கோட்டுக்கும் வண்ணத்துக்குமே உரிய வேறோர் உலகத்தைப் படைப்பதா? ஐக்கிய அமெரிக்காவின் கார்ட்டூன் படக்கலையில் இவ்வினா மிகக் கூர்மை பெற்று நின்ற ஆண்டு 1953 எனலாம்.

அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் வோல்ற் டிஸ்னியின் ‘பீற்றர் பான்’ வெளிவந்தது. ஜே. எம். பரியின் நாடகம் 1904இல் மேடையேறியது. அதனைத் தழுவியதே இப்படம். நடிகரை முதலில் நடிக்கச் செய்து படம்பிடித்து, அதனைத் துணையாகக் கொண்டு வரையும் முறை டிஸ்னியின் நிலையத்தில் முன்னரே வேரூன்றியிருந்தது. அதன் பயனை இலண்டன் மாநகரின் மேலே பிள்ளைகள் பறந்து செல்லுங் காட்சியிற் காணலாம். உடலின் கனமும் காற்றின் இழுப்பும் அங்கே உணரத்தக்கனவாய் உள்ளன. ஆயினும் கைத்திறன் வேறு, நோக்கு வேறு. அமெரிக்கப் பழங்குடி மக்களை நகைப்புக்கிடமாக்கும் பகுதி, தேர்ந்த கையும் இழிந்த நோக்குக்கு இணங்கிவிடும் என்பதற்குச் சான்றாகும்.

டிஸ்னியின் நிலையத்தில் 1941இல் வேலைநிறுத்தம் நிகழ்ந்த காலத்தையொட்டி அங்கிருந்து நீங்கிய கலைஞர் சிலர் பின்னர் நிறுவியது யூ.பீ.ஏ. நிலையம். அஃது எதிர்வழியிற் சென்றது. தட்டையான வண்ணம், சில கோடுகள், சுருங்கிய அசைவு என்பனவே அதன் கருவிகள். எட்கர் அலன் போ 1843இல் வெளியிட்ட சிறுகதையைத் தழுவி, ரெட் பார்மலி இயக்கிய ‘த ரெல்-ரேல் ஹாட்’ இந்நெறியின் சிறந்த விளைவு. கொலை செய்தவனே கதையைக் கூறுகின்றான். குரல் ஜேம்ஸ் மேசனுடையது. அவன் உருவம் வெளிப்படத் தோன்றுவது அரிது. அவனது பித்தேறிய கண் வழியாகவே வீடும் நிழலும் காட்சிதருகின்றன. பல இடங்களிற் சித்திரம் அசைவதேயில்லை. கமரா மட்டுமே ஊர்ந்து செல்கின்றது. அசைவு குறையக் குறைய அச்சம் மிகுகின்றது. சிறுவர்க்கு உரியது என எண்ணப்பட்ட கலை முதிர்ந்தோரின் மனவிருளையும் சொல்லவல்லது என்பதனை இப்படம் நிறுவிற்று.

இவ்விரு நெறிகளுக்கும் நடுவே, வார்ணர் பிறதர்ஸ் நிலையத்துச் சக் ஜோன்ஸ் இயக்கிய ‘டக் அமக்’ நிற்கின்றது. ஏறத்தாழ ஏழு நிமிடங்களே ஓடும் இப்படத்தில் டாஃபி என்னும் தாரா வாள்வீரனாகப் பாய்ந்து வருகின்றது. பின்னணிச் சித்திரமோ பாதியில் முடிந்துபோகின்றது. பண்ணை வருகின்றது, பனிநிலம் வருகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஏற்பத் தாரா தன் கோலத்தை மாற்றிக்கொள்ள, அதற்குள் நிலமும் மாறிவிடுகின்றது. வரைவோனின் தூரிகை அதன் நிறத்தை மாற்றுகின்றது; அழிப்பான் அதன் உடலையே நீக்குகின்றது; குரலும் பறிபோகின்றது. எஞ்சுவது யாது? அதன் வெகுளியும் பெருமிதமுமே. உருவம் போயினும் மெய்ப்பாடு போகவில்லை. இறுதியில், வரைபலகையின் முன்னிருந்து இத்துன்பமெல்லாம் விளைத்தவன் பக்ஸ் பணி என்னும் முயலே எனத் தெரியும்போது நகை பிறக்கின்றது. ஆயினும், படைத்தவனிடம் முறையிடும் படைப்பின் துயரம் அந்நகையோடு கலந்தே நிற்கின்றது.

அவ்வாண்டின் படங்களுக்குரிய ஒஸ்கார் பரிசு டிஸ்னியின் ‘ரூற், விசில், பிளங் அன்ட் பூம்’ என்னும் குறும்படத்துக்கே கிடைத்தது. இசைக்கருவிகளின் வரலாற்றைக் கூறும் அப்படம், சினிமாஸ்கோப் அகலத்திரைக்காக ஆக்கப்பட்ட முதற் கார்ட்டூன்களுள் ஒன்று. யூ.பீ.ஏ. நிலையத்தாரின் தட்டைக் கோட்டையே டிஸ்னியின் கலைஞரும் அதிற் கையாண்டனர் என்பது கருதத்தக்கது. ‘த ரெல்-ரேல் ஹாட்’ போட்டிப் பட்டியலில் இடம்பெற்றும் பரிசு பெறவில்லை. ‘டக் அமக்’ பட்டியலிலேயே இடம்பெறவில்லை. அதனை ஆக்கிய நிலையமோ, முப்பரிமாணப் படங்கள் மீதெழுந்த மோகத்தால் அவ்வாண்டின் நடுவிலே சில மாதங்கள் மூடப்பட்டது.

காலம் வேறு தீர்ப்பு வழங்கியது. ‘டக் அமக்’ 1999இலும், ‘த ரெல்-ரேல் ஹாட்’ 2001இலும் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. சுருங்கிய அசைவு என்னும் நெறி பின்னாளிலே தொலைக்காட்சியின் கைக்குச் சென்றது. கருத்துக்காகத் தேர்ந்துகொண்டபோது கலையாயிருந்தது, செலவைக் குறைக்கவே கொள்ளப்பட்டபோது வறுமையாயிற்று. ஆதலின், அசைவின் மிகுதியோ குறைவோ இக்கலைக்கு உரைகல் ஆகாது. வரையப்பட்ட உரு தனக்கென ஓர் உள்ளம் உடையதாய் நிற்கின்றதா என்பதே உரைகல். அழிப்பானுக்கும் அழியாது நின்ற அத்தாரா தரும் விடை இதுவே.